கரை கடந்த புயல் மறுபடி எழுவது எப்படி?

2021 செப்டம்பர் 26ஆம் தேதி இரவு, குலாப் புயல் ஆந்திரத்தின் கலிங்கப்பட்டினத்துக்குச் சற்று வடக்கே கரையைக் கடந்தது. பெரிய புயல் என்று சொல்ல முடியாது. மணிக்கு 75 முதல் 85 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. மறுநாள் அது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமானது, அப்புறம் தாழ்வு மண்டலமானது, தெலங்கானாவைத் தாண்டி மகாராஷ்டிரத்துக்குள் போனபோது வெறும் தாழ்வுப் பகுதியாக இளைத்திருந்தது. "வலுவிழந்தது" என்று செய்தியில் வந்ததோடு பெரும்பாலானோர் அதை மறந்துவிட்டார்கள்.

அந்தத் தாழ்வுப் பகுதி நிற்கவில்லை. இந்தியாவின் குறுக்கே 1,500 கிலோமீட்டருக்கு மேல் தரையிலேயே பயணம் செய்து, குஜராத் கரையோரம் அரபிக்கடலில் இறங்கியது. செப்டம்பர் 30 அன்று மறுபடி தாழ்வு மண்டலமானது. அக்டோபர் 1 அதிகாலையில் புயலானது. அதன்பிறகு ஒரு நாள்கூட ஆகவில்லை, தீவிரப் புயலாகிவிட்டது. வங்கக்கடலில் எட்டாத வலுவை, ஒரு நாட்டையே நடந்து கடந்த பிறகு அரபிக்கடலில் எட்டியது. ஷாஹீன் என்ற புதுப் பெயரோடு அக்டோபர் 3 அன்று ஓமானின் வட கரையில் போய் ஏறியது. அந்தக் கரையை ஒரு புயல் நேரடியாகத் தாக்கியது 1890க்குப் பிறகு அதுவே முதல் முறை.

கரை கடந்ததோடு புயலின் கதை முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. பல நேரங்களில் அது சரியாகவே இருப்பதால்தான் சரியாக இல்லாத நேரத்தில் ஆபத்தாகிறது. எது சாகிறது, எது மிஞ்சுகிறது, மிஞ்சியது எந்தச் சூழலில் மறுபடி உயிர்பெறுகிறது என்பது புரிந்தால், "வலுவிழந்தது" என்ற சொல்லை வேறு மாதிரி கேட்போம்.

புயல் தரையில் மோதி உடைகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மலை, மரம், கட்டடம் எல்லாம் காற்றைத் தடுப்பது உண்மை. ஆனால் முக்கியமான காரணம் தீனி நின்றுபோவது. புயலின் தீனி கடலிலிருந்து எழும் நீராவி. கடல்மேற்பரப்பு ஏறக்குறைய 26.5 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும் இடங்களில் காற்று ஏராளமான ஈரத்தை ஏந்திக்கொண்டு மேலே போகிறது. மேலே குளிர்ந்து மேகத்துளியாக மாறும்போது, ஆவியானபோது உள்வாங்கிய வெப்பம் அப்படியே வெளியே வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சமமான நீராவி இப்படித் துளியானால் ஏறக்குறைய 25 லட்சம் ஜூல் வெப்பம் கிடைக்கும். அறை வெப்பத்தில் இருக்கும் எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஒரு புயலுக்குள் மணிக்கு மணி எத்தனை கோடி லிட்டர் மழையாகிறது என்று நினைத்துப் பார்த்தால் அதன் பலம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.

இந்த வெப்பம் மையத்துக்கு மேலுள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று லேசாகிறது, தரைமட்டத்தில் அழுத்தம் குறைகிறது, சுற்றிலும் இருந்து காற்று இன்னும் வேகமாக உள்ளே பாய்கிறது. வேகமாக வீசும் காற்று கடலிலிருந்து இன்னும் அதிக நீரை ஆவியாக்குகிறது. இந்தச் சுற்று ஓடிக்கொண்டிருக்கும்வரை புயல் வளரும். தரைக்கு வந்ததும் ஆவி குறைகிறது, சுற்று அறுந்துபோகிறது.

அறுந்துபோனாலும் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்குவதில்லை. உராய்வின் கை தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயரம்வரைதான் நீள்கிறது. நம் முகத்தில் அடிக்கும் காற்று அந்த அடுக்கைச் சேர்ந்தது, ஆகவே அதுதான் முதலில் ஓய்கிறது. மூன்று, நான்கு, ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சுழற்சியைத் தரை சுலபத்தில் தொட முடியாது. கீழே மரத்தில் இலை அசையாமல் மழை மட்டும் பெய்துகொண்டிருக்கும் ஊரின் மேலே, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு ஈரக்காற்று இன்னும் சுழன்றுகொண்டே இருக்கலாம். மழைக்காலச் செய்திகளில் நாம் தினமும் கேட்கும் "வளிமண்டல மேலடுக்கு சுழற்சி" என்பது சில நேரம் இப்படி ஒரு பழைய புயலின் மிச்சமாகவே இருக்கும். வயலில் கோரையைப் பறித்துப் போட்டாலும் மண்ணுக்குள் கிழங்கு இருந்தால் அடுத்த ஈரத்தில் முளைத்துவிடும் அல்லவா, அந்தக் கிழங்குதான் இது.

இந்த மிச்சம் மறுபடி கடலுக்கு மேல் வரும்போது, புதிதாக ஒரு புயல் உருவாவதைவிட வேலை சுலபமாக நடக்கிறது. சுழற்சியே இல்லாத கடலில் இடிமழை மேகங்கள் எழுந்தால், அவை வெளியிடும் வெப்பம் நாலா பக்கமும் பரவி வீணாகிறது. அங்கிருந்து ஒரு தாழ்வு மண்டலம் திரண்டு வரப் பல நாட்கள் ஆகலாம், வராமலும் போகலாம். ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் காற்றுக்குள் அதே மேகங்கள் எழுந்தால் வெப்பம் சிதறாமல் மையத்தையொட்டியே தங்குகிறது. முதல் இரவில் மையத்துக்கு அருகே மேகக்கூட்டம் கொப்பளித்து எழும், பகலில் கொஞ்சம் அடங்கும், அடுத்த இரவில் இன்னும் நெருக்கமாக எழும். மேலேயிருந்த சுழற்சி படிப்படியாகக் கடல்மட்டம்வரை இறங்கிவிட்டால், அப்புறம் பழைய சுற்று தானாகவே ஓடத் தொடங்கிவிடும். ஷாஹீன் தாழ்வு மண்டல நிலையிலிருந்து தீவிரப் புயலாக இரண்டு நாளுக்குள் வளர்ந்ததற்கு இதுவே காரணம்.

வெதுவெதுப்பான நீர் இருந்தால் மட்டும் போதாது. அந்த வெப்பம் எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது என்பது அதைவிட முக்கியம் என்று நான் நினைக்கிறேன், பேச்சில் அதிகம் அடிபடாத விஷயமும் இதுதான். புயல்காற்று கடலைக் கலக்குகிறது. மேலே இருக்கும் வெந்நீர் மெல்லிய அடுக்காக இருந்தால், கலக்கியதும் அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வந்துவிடும். புயல் போன தடத்தில் கடலின் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி குறைந்திருப்பதைச் செயற்கைக்கோள் படங்களில் பார்க்கலாம். மெதுவாக நகரும் புயல் தான் கலக்கிய குளிர்நீரின் மேலேயே நின்று தன் தீனியைத் தானே கெடுத்துக்கொள்கிறது. வெப்பம் ஐம்பது மீட்டர், நூறு மீட்டர் ஆழத்துக்கு இருந்தால் எவ்வளவு கலக்கினாலும் மேலே வருவது வெந்நீர்தான்.

வங்கக்கடலுக்கு இதில் ஒரு தனிக் குணம் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி என்று பெரிய ஆறுகள் கொட்டும் நன்னீரும் பருவமழையும் சேர்ந்து, உப்பு குறைந்த லேசான ஓர் அடுக்கைக் கடலின் மேல் விரித்துவிடுகின்றன. குறிப்பாகப் பருவமழை முடிந்த மாதங்களில், வடக்கு வங்கக்கடலில், இந்த அடுக்கு அடியிலுள்ள கனமான உப்புநீரோடு சுலபத்தில் கலக்காது. புயல் எவ்வளவு முயன்றாலும் குளிர்நீர் மேலே வருவது தடைப்படுகிறது.

அரபிக்கடல் வேறு மாதிரி. தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அந்தக் காற்றே கடலைக் கலக்கிக் குளிரவைக்கிறது. அதே மாதங்களில் கீழே தென்மேற்கிலிருந்தும், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்தும் காற்று வேகமாக ஓடுகிறது. இப்படி மேலும் கீழும் எதிரெதிராக இழுத்தால் புயலின் தூண் சாய்ந்துவிடும், தலை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். மையத்துக்கு மேல் சேரவேண்டிய வெப்பம் வேறெங்கோ போய்விடும். அரபிக்கடலில் புயல்கள் பெரும்பாலும் பருவமழைக்கு முன்பும் பின்பும் மட்டுமே வருவதற்கு இந்த இரண்டும்தான் காரணம். மூன்றாவது எதிரி வறண்ட காற்று. அரேபியாவிலிருந்தும் தார் பாலைவனத்திலிருந்தும் உலர்ந்த காற்று உள்ளே புகுந்தால் எழுந்த மேகம் கரைந்துவிடும்.

குலாப்பின் மிச்சத்துக்கு எல்லாம் தோதாக அமைந்தது. செப்டம்பர் கடைசி என்பதால் தரையெங்கும் பருவமழையின் ஈரம். அரபிக்கடலிலிருந்து ஈரக்காற்று உள்நாட்டுக்குள் வந்துகொண்டே இருந்தது, அதனால் வழியெல்லாம் மழை. மகாராஷ்டிரத்தின் மராத்வாடா பகுதி வெள்ளக்காடானது. வலுவிழந்துவிட்டது என்று சொல்லப்பட்ட அதே நாட்களில்தான் இது நடந்தது. மேகம் எழுந்துகொண்டே இருந்ததால் மேலடுக்கு சுழற்சி அறுபடவில்லை. நான்கு நாளைக்குள் அது மறு கடலை எட்டியும்விட்டது. அதற்குள் பருவக்காற்றும் தணியத் தொடங்கியிருந்தது, கடலும் மறுபடி சூடேறியிருந்தது.

ஓமானின் அல் பாத்தினா கரை ஹஜர் மலைத்தொடருக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஒரு சமவெளி. மலையிலிருந்து இறங்கும் வாடிகள், அதாவது ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வறண்டு கிடக்கும் காட்டாற்றுப் படுகைகள், ஊர்களுக்கு நடுவே ஓடிக் கடலில் சேர்கின்றன. ஓர் ஆண்டு முழுதும் 100 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிது என்ற பூமி அது. ஷாஹீன் வந்த ஒரே நாளில் அல் காபூரா பகுதியில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. வாடிகள் நிரம்பி சாலைகளை அறுத்துக்கொண்டு போயின. சுவைக், அல் காபூரா ஊர்களில் வீடுகளும் பேரீச்சந் தோப்புகளும் சேற்றில் மூழ்கின. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓமான் அரசு முன்கூட்டியே விடுமுறை அறிவித்து, தாழ்வான இடங்களிலிருந்து மக்களை வெளியேற்றியிருந்ததால்தான் சாவு இந்த அளவோடு நின்றது. ஆந்திரக் கரையில் ஏறிய ஒரு சுமாரான புயல் ஒரு வாரம் கழித்து இங்கே இதைச் செய்தது.

திரும்பி வரும் புயல் எவ்வளவு கொடுமையானது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று 2023இல் வந்த ஃப்ரெடி. பிப்ரவரி தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு வடமேற்கே உருவாகி, இந்தியப் பெருங்கடலை முழுதாகக் கடந்து, பிப்ரவரி 21 அன்று மடகாஸ்கரில் கரையேறியது. மலைகளைத் தாண்டி மொசாம்பிக் கால்வாயில் இறங்கி, 24 அன்று மொசாம்பிக்கில் ஏறியது. அங்கே உள்நாட்டில் சில நாள் மழையாகப் பெய்து ஓய்ந்தது. பல இடங்களில் மக்கள் மூச்சுவிட்டார்கள். ஆனால் அந்த மிச்சம் வந்த வழியே பின்வாங்கிக் கால்வாயின் வெந்நீருக்குத் திரும்பியது. அங்கே வலுவேறி, மார்ச் 11 அன்று மொசாம்பிக்கின் கெலிமானே நகரத்துக்கு அருகே மறுபடி கரையேறியது. அதன் பிறகு மலாவி நாட்டுக்குள் போய், பிளான்டயர் நகரத்தைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் நாள் கணக்கில் மழையைக் கொட்டியது. இரவில், தூக்கத்தில், மண்சரிவில் குடியிருப்புகள் புதைந்தன. மலாவியில் மட்டும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து ஆயிரத்தைத் தாண்டினார்கள். மலாவிக்குக் கடற்கரையே கிடையாது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

உலக வானிலை அமைப்பு ஃப்ரெடியின் ஆயுளை 36 நாட்கள் என்று கணக்கிட்டு, இதுவரை பதிவானதிலேயே நீண்டகாலம் வாழ்ந்த வெப்பமண்டலப் புயல் என்று அறிவித்தது. அத்தனை நாளும் அது ஒரே வலுவோடு இருக்கவில்லை. இளைத்து, எழுந்து, மறுபடி இளைத்து, மறுபடி எழுந்துதான் அவ்வளவு காலம் வாழ்ந்தது.

அமெரிக்காவின் கத்ரீனா (2005) ஊரறிந்த கதை. மயாமிக்கு அருகே ஃபுளோரிடாவில் ஏறியபோது அது மிகச் சாதாரணமான ஹரிக்கேன். சதுப்பு நிலத்தின் மேல் சில மணி நேரம் நகர்ந்து கொஞ்சம் வலுவிழந்து, மெக்சிகோ வளைகுடாவில் இறங்கியது. கரீபியனிலிருந்து வரும் ஆழமான வெந்நீர் ஓட்டம் ஒன்று அந்த வளைகுடாவில் வளைந்து ஓடுகிறது. அதன் மேல் போனதும் மூன்றே நாளில் காற்று மணிக்கு 280 கிலோமீட்டரைத் தொட்டது. மேற்பரப்பு வெப்பம் வளைகுடா எங்கும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்க, ஆழத்து வெப்பம் எங்கே அதிகமோ அங்கே அந்தப் பாய்ச்சல் நடந்தது. 2017இன் ஹார்வி இன்னும் ஒரு படி மேலே போனது. கரீபியன் கடலிலேயே சிதைந்து, பெயரில்லாத ஒரு காற்றலையாகி, யுகட்டான் தீபகற்பத்தைத் தாண்டி, மெக்சிகோ வளைகுடாவில் மறுபடி திரண்டு டெக்சாஸை மூழ்கடித்தது.

கடலே இல்லாமல் தரையில் எழுந்த புயலும் உண்டு. 2007இல் டெக்சாஸில் கரையேறிய எரின், கடலில் இருந்தபோது பலவீனமான புயல். மூன்று நாள் கழித்து, கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, ஓக்லஹோமாவில் ஓர் இரவு திடீரென்று வலுவேறியது. ராடாரில் கண் போன்ற அமைப்பு தெரிந்தது. அந்த ஆண்டு அங்கே மண் ஊறிக் கிடந்தது. ஊறிய மண்ணிலிருந்து எழும் ஆவி கடலின் வேலையை ஓரளவு செய்கிறது என்று ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் விளக்கினார்கள். நம் பருவமழைக்காலத்தில் வங்கக்கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்கள் ராஜஸ்தான், குஜராத் வரை அழியாமல் போவதைப் புரிந்துகொள்ள இந்தக் கருத்து உதவுகிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் குஜராத்தில் பெருவெள்ளத்தை உண்டாக்கிய ஆழ்ந்த தாழ்வு மண்டலம் தரையிலிருந்து கடலுக்கு இறங்கி, அரபிக்கடலில் அஸ்னா புயலானது. ஆகஸ்ட் மாதத்தில் அரபிக்கடலில் புயல் உருவானது 1976க்குப் பிறகு அப்போதுதான்.

தமிழ்நாட்டுக்கு வந்து பார்த்தால், இங்கே தரை ஒடுக்கம், நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை. வங்கக்கடலிலிருந்து அரபிக்கடலுக்குப் போக ஒரு நாள்கூட ஆகாது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா, டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டு, கொடைக்கானல் மலையிலும் மரங்களை முறித்துவிட்டு, அன்றைக்கே கேரளம் தாண்டி அரபிக்கடலில் இறங்கிவிட்டது. சில நாள் அங்கே தாக்குப்பிடித்தது, ஆனால் சூழல் ஒத்துழைக்காததால் பெரிதாக எழாமல் கரைந்துபோனது.

2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைக்கு வடக்கே இலங்கைக்குள் ஏறி மன்னார் வளைகுடாவில் இறங்கியபோது, பாம்பனைத் தாக்கும் என்று எல்லோரும் பயந்தார்கள். கீழே நீர் சூடாகத்தான் இருந்தது. ஆனால் இரு பக்கமும் தரை நெருக்கியது, மேல்காற்று தூணைச் சாய்த்தது, புயல் எழவில்லை. ராமநாதபுரம் கரையருகே ஒரு நாளுக்கு மேல் நின்ற இடத்திலேயே நின்று தேய்ந்தது. காற்று அடிக்கவில்லை, மழை மட்டும் விடவில்லை. மையத்திலிருந்து வெகுதூரம் வடக்கே கொள்ளிடத்திலும் சிதம்பரத்திலும் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் பெய்து வயல்கள் மூழ்கின. மிச்சம் எழாமல் போனாலும் ஆபத்து போய்விடவில்லை என்பதற்கு இது நம்மூர்ச் சான்று.

இந்திய வானிலைத் துறையின் அளவுகோலில் புயல், தாழ்வு மண்டலம் என்ற பெயர்கள் காற்றின் வேகத்தை வைத்து மட்டுமே வருகின்றன. மணிக்கு 62 கிலோமீட்டருக்கு மேல் என்றால் புயல், அதற்குக் கீழே என்றால் தாழ்வு மண்டலம், இன்னும் ஓய்ந்தால் தாழ்வுப் பகுதி. மழை எவ்வளவு என்பதற்கும், நாளை அது எங்கே எந்த நிலையில் இருக்கும் என்பதற்கும் அந்தப் பெயரில் இடமில்லை. குலாப் தாழ்வுப் பகுதியாகத் தேய்ந்துவிட்டதால், அரபிக்கடலில் எழுந்தபோது விதிப்படி புதுப் பெயர் கொடுக்கப்பட்டது. பெயர் மாறியதும், இரண்டும் ஒரே சுழற்சி என்பது பொதுமக்கள் மனத்தில் பதியாமலே போனது. இந்த விதியை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அறிவிப்பு எழுதும் விதத்தைத்தான் சொல்கிறேன்.

இதனால் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள் கரையில் இருப்பவர்கள் மட்டும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் கேரளம், கர்நாடகம், கோவா, குஜராத் வரை அரபிக்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறார்கள். வங்கக்கடல் புயல் கடலூரிலோ நாகையிலோ கரையைக் கடந்து "வலுவிழந்தது" என்று சொல்லப்படும் நேரத்தில், அவர்களுக்கு அது தொடங்கவே இல்லை. 2017இல் ஒக்கி, தாழ்வு மண்டலமாக இருந்து சில மணி நேரத்தில் குமரிமுனை அருகே புயலானபோது, கடலில் இருந்தவர்களுக்கு விஷயம் போய்ச் சேராமல் எத்தனை குடும்பங்கள் நாதியற்றுப் போயின என்பது அந்த ஊர்களுக்குத் தெரியும்.

அரபிக்கடல் சூடேறி வருவதும் இதோடு சேர்கிறது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட கணக்குப்படி, 1982 முதல் 2000 வரையிலான காலத்தோடு ஒப்பிட்டால் 2001 முதல் 2019 வரை அரபிக்கடல் புயல்களின் எண்ணிக்கை 52 சதவீதம் கூடியிருக்கிறது. கிழக்கிலிருந்து வரும் ஒவ்வொரு மிச்சமும் எழும் என்று இதற்குப் பொருள் இல்லை. மேல்காற்றும் வறண்ட காற்றும் இன்னும் பலவற்றை அழித்துவிடும். ஆனால் இறங்கி வரும் சுழற்சிக்குக் கீழே காத்திருக்கும் நீர் முன்பைவிடச் சூடாக இருக்கிறது.

மிச்சம் எழுமா எழாதா என்பதை மூன்று நான்கு நாள் முன்னதாகவே ஓரளவு சொல்லிவிட முடிகிறது. குலாப் தரையில் இருந்தபோதே, அது அரபிக்கடலில் இறங்கி வலுவேறக்கூடும் என்று வானிலைத் துறை அறிவிப்பில் எழுதியது. அந்த வரி தொலைக்காட்சியின் கீழே ஓடும் செய்தியில் வரவில்லை என்றால், வானொலியில் வரவில்லை என்றால், படகில் இருக்கும் கருவிக்குப் போகவில்லை என்றால், அது எழுதப்பட்டும் பயனில்லை. "புயல் கரையைக் கடந்து வலுவிழந்தது" என்ற வாக்கியத்தோடு, மிச்சம் எந்தப் பக்கம் போகிறது, எந்தக் கடலில் எப்போது இறங்கும், அங்கே இருக்கும் படகுகள் எந்தத் தேதிக்குள் கரை திரும்ப வேண்டும் என்ற விவரமும் ஒரே மூச்சில் சொல்லப்பட வேண்டும்.